ஓவன் பக்கத்தில் இண்டக்ஷன் ஹாப்: வயரிங் செய்த கதை

புது ஹாப் (சமையல் மேடையில் பதிக்கும் நான்கு அடுப்பு இண்டக்ஷன் ஸ்டவ்) வந்தபிறகும் கொஞ்ச நாள் பெட்டியிலேயே கிடந்தது. லைன் தயாராகாமல் மேடையை வெட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கீழே ஓவன் ஏற்கெனவே இருக்கிறது. "ஓவனுக்குத்தான் லைன் இருக்கே, அதிலேயே சேர்த்துவிட்டால் என்ன?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். இரண்டிலும் ஒட்டியிருக்கும் தகட்டைப் படித்தால் பதில் தெரிந்துவிடும்.

ஓவன் 2.9 கிலோவாட். 230 வோல்ட்டில் 12.6 ஆம்ப்ஸ், 16 ஆம்ப்ஸ் பிளக்கில் சிரமமில்லாமல் ஓடுகிறது. ஹாப் 7.2 கிலோவாட், அதாவது 31 ஆம்ப்ஸுக்குச் சற்று மேல். இரண்டும் முழு லோடில் ஓடினால் கிட்டத்தட்ட 44. நடைமுறையில் அப்படி ஓடாது. ஓவன் சூடேறிவிட்டால் தெர்மோஸ்டாட் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் இழுக்கும். நான்கு அடுப்பும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருப்பதும் அபூர்வம். பிரிட்டனில் சமையல் சாதனங்களுக்கு இதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முதல் 10 ஆம்ப்ஸை முழுசாக எடுத்துக்கொள், மீதியில் 30 சதவீதம் மட்டும் சேர். அந்தக் கணக்கில் 44 ஆம்ப்ஸ் 20 ஆகிவிடும். ஒரே 32 ஆம்ப்ஸ் லைனில் இரண்டையும் வைக்கலாம் என்று அங்கே சொல்வது இதனால்தான்.

ஆனால் அந்த லைன் 32 ஆம்ப்ஸைத் தாங்க வேண்டுமே. ஓவனுக்குப் போயிருப்பது 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள், 16 ஆம்ப்ஸ் எம்சிபி (ஓட்டம் மிஞ்சினால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்). எம்சிபிகள் இருக்கும் டிபி பாக்ஸிலிருந்து மேடை வரை 12 மீட்டர். போக 12, வர 12. இதில் 32 ஆம்ப்ஸ் ஓடினால் கம்பியிலேயே 180 வாட்ஸ் வெப்பமாகிப் போகும். பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு மூன்றைச் சுவருக்குள் எரியவிட்ட மாதிரி. 6 ஸ்கொயரில் அதே ஓட்டத்துக்கு 75 வாட்ஸ்தான். எம்சிபி விழுந்து காப்பாற்றிவிடும் என்று நம்பி உட்காரவும் முடியாது. தன் அளவைவிட 1.13 மடங்கு ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்குள் அது விழக்கூடாது என்பதுதான் விதி. 1.45 மடங்கு ஓடினால்தான் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும்.

ஆக, ஓவனைத் தொடவில்லை. ஹாப்புக்குத் தனியாக 6 ஸ்கொயர் லைன், 32 ஆம்ப்ஸ் எம்சிபி, 30 மில்லிஆம்ப்ஸ் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்). பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே துண்டிக்கும் டபுள் போல் சுவிட்ச் ஒன்றை ஹாப்புக்கு நேர் மேலே வைக்காமல் பக்கவாட்டில் வைத்தேன். எண்ணெய் பற்றிக்கொண்டால் சுவிட்சை அணைக்க அந்த எண்ணெய்க்கு மேலேயே கையை நீட்டவா முடியும்? ஓவனுக்குப் பின்னாலும் வைக்கக்கூடாது. அவசரத்தில் யார் ஓவனை இழுத்துக்கொண்டிருப்பார்கள்?

சுவர் வெட்டி பைப் பதித்தது வெறும் தூசி வேலை, சொல்ல ஒன்றுமில்லை. டிபி பக்க இணைப்பையும் டெஸ்டிங்கையும் லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியன்தான் செய்தார். அதில் நான் கை வைக்கவில்லை, யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யவும் மாட்டேன். பல இடங்களில் சட்டமே அனுமதிக்காது. ஹாப் பக்கத்து முனையை மட்டும் அவர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் செய்தேன். தொடுவதற்கு முன் அவர் டெஸ்டரை ஓவன் சாக்கெட்டில் வைத்து அது வேலை செய்வதை உறுதிசெய்தார், அப்புறம் நம் லைனில் வைத்தார், மறுபடி ஓவன் சாக்கெட்டில் வைத்தார். டெஸ்டர் செத்திருந்தாலும் "கரண்ட் இல்லை" என்றுதானே காட்டும்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் பட்ட இடம். ஹாப்பைக் கவிழ்த்தால் மூலையில் ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி. உள்ளே கம்பிகளைத் திருகும் டெர்மினல்கள் வரிசையாக: பேஸுக்கு எல்1, எல்2, அப்புறம் இரண்டு நியூட்ரல், எர்த். மூடியின் உட்புறமே படம் போட்டிருக்கிறது. எனக்கு வந்தது இரண்டு பேஸுக்கு அமைத்தபடி வந்தது. ஒரே பேஸ் என்றால் எல்1, எல்2 இரண்டையும் கூடவே வரும் பித்தளைத் தகட்டால் இணைக்க வேண்டும். அதைப் போடாமல் விட்டால் ஹாப்பில் பாதி அடுப்பு உயிரில்லாமல் கிடக்கும்.

ஹாப்புக்கும் சுவிட்சுக்கும் இடையில் வெப்பம் தாங்கும் ரப்பர் கேபிள். ஓவனின் முதுகு சூடாகும் என்பதால் அதை ஒட்டாமல் பக்கச் சுவரோடு கிளிப் அடித்தேன். பல இழைக் கம்பியை அப்படியே திருகின் கீழ் வைத்தால் இழைகள் பக்கவாட்டில் பிதுங்கும். ஒவ்வொன்றுக்கும் ஃபெரூல் என்ற சின்ன உலோகக் குழாயை முனையில் மாட்டி, நசுக்கி கிரிம்ப் செய்தேன். ஈயம் பூசினால் போதுமே என்பார்கள், வேண்டாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலகும், திருகு லூஸ் ஆகிவிடும். எர்த் கம்பியை மற்றவற்றைவிட நீளமாக விட்டேன். யாராவது கேபிளை இழுத்தால் கடைசியாகக் கழல்வது அதுவாக இருக்கட்டும். இறுக்கியபின் ஒவ்வொன்றையும் பிடித்து இழுத்துப் பார்த்தேன்.

இவ்வளவு பிடிவாதம் எதற்கென்றால், லூஸ் திருகு எந்த எம்சிபிக்கும் தெரியாது. ஓடும் ஆம்ப்ஸ் கூடுவதில்லையே! 0.05 ஓம் தடை போதும், 30 ஆம்ப்ஸில் அந்த ஒரு திருகு முனையில் 45 வாட்ஸ். பிளாஸ்டிக் கருகி வாடை வந்தபிறகுதான் நமக்குத் தெரியவரும்.

கரண்ட் கொடுப்பதற்கு முன் எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட்டில் இன்சுலேஷன் பார்த்தார், எர்த் தொடர்பு பார்த்தார். கொடுத்தபின் ஆர்சிசிபி நேரத்துக்குள் விழுகிறதா என்றும் பார்த்தார். எல்லாம் சரி. அப்புறம் நான்கு அடுப்பிலும் தண்ணீர்ப் பாத்திரம் வைத்து உச்சத்தில் போட்டோம். கம்பியைக் கவ்வி ஆம்ப்ஸ் காட்டும் கிளாம்ப் மீட்டரை முழுக் கேபிளைச் சுற்றிப் போட்டால் போவதும் வருவதும் ஒன்றையொன்று கழித்து பூஜ்யம்தான் காட்டும். டிபி உள்ளே பேஸ் கம்பியை மட்டும் பிடித்துப் பார்த்தார். 30-ஐ ஒட்டி நின்றது. ஓவனையும் போட்டோம், அது தன் லைனில் தனியாக 12 சொச்சம்.

தண்ணீர் கொதித்து ஓய்ந்ததும் மெயினை அணைத்துவிட்டு சுவிட்சின் மூடியைக் கழற்றித் தொட்டுப் பார்த்தோம். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பாக்கி இருப்பது தச்சு வேலை: ஹாப்பின் ஃபேன் காற்றை அடியிலிருந்து இழுப்பதால் ஓவனுக்கு மேலே கையேடு கேட்கும் இடைவெளியை விட்டு ஒரு பலகை அடிக்க வேண்டும்.