மூன்றாவது தடவை அக்கி

2007 மழைக்காலம். மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அப்பத்தா, 8 வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு நான் ஆலோசகராக இருந்த நம்பிக்கை மையத்துக்கு, அதாவது அரசு எச்ஐவி பரிசோதனை மையத்துக்கு, வந்தார். பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வலது விலாவில், முதுகிலிருந்து நெஞ்சுவரை வரிசையாகக் கொப்புளங்கள். மேலே அக்கி எழுதிய காவி, காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

“எழுதுற வேளார்தான் தாயி அனுப்புனாரு. ‘ரெண்டு வருசத்துல மூணு தடவை எழுதிட்டேன். பச்சப்புள்ளைக்கு இப்படித் திரும்பத் திரும்ப வரக்கூடாது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ’ன்னாரு.”

அக்கிக்குக் காவியால் எழுதுகிறவர், மண்பானை செய்யும் வேளார். அந்த மனிதரை நினைத்து இன்றும் மனசு கனிகிறது. சின்னம்மை இறங்கிய பிறகும் அதன் கிருமி நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருக்கும். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் அக்கியாக எழும்பும். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வருவது. சின்னப் பையனுக்கு மூன்று தடவை என்றால் எச்ஐவி பரிசோதனை செய்தே ஆக வேண்டும். அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அப்பனுக்கு டிபி என்றுதான் ஊருக்குத் தெரியும்.

முடிவு பாசிட்டிவ். எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை 140தான், ரொம்பக் குறைவு. வாயைத் திறக்கச் சொன்னேன். நாக்கிலும் அண்ணத்திலும் தயிர் ஒட்டினாற்போல வெள்ளைப் பூஞ்சை.

“காரமே திங்க மாட்டேங்குறான். செல்லங் கொஞ்சுறான்னு அடிச்சுட்டேனே தாயி” என்று அழுதார்.

நல்லவேளை, நெஞ்சு எக்ஸ்ரேயில் டிபி இல்லை. குழந்தைகளுக்கான இலவச ஏஆர்டி (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் கூட்டு மருந்து) திட்டம் 2006 நவம்பர் இறுதியில்தான் தொடங்கியிருந்தது, அதில் சேர்த்தோம். அதற்கும் முன்னால் கையில் கொடுத்தது கோட்ரிமாக்சசோல். “இது அக்கிக்கா?” என்றார். இல்லை அப்பத்தா, நிமோனியா வராமல் காக்க. காய்ச்சல் இல்லாவிட்டாலும் தினம் கொடுக்கணும் என்றேன். ஜாம்பியாவில் எச்ஐவி உள்ள குழந்தைகளுக்கு இந்த ஒரு மருந்தைத் தினம் கொடுத்ததிலேயே இறப்பு 43 சதவீதம் குறைந்தது என்று 2004இல் ஆய்வு வந்திருந்தது. அவ்வளவு மலிவான மருந்து. பிள்ளை தெளிந்ததும் பலர் நிறுத்திவிடுவார்கள். அப்பத்தா ஒரு நாள் விடவில்லை. காலண்டர் தாளில் கோடு போட்டுக் கொண்டுவந்து காட்டுவார்.

ஆறு மாதத்தில் பையன் ஊறுகாய் கேட்டு அடம்பிடித்தானாம்.

அப்புறம் ஒருநாள் வேளார் வீட்டுக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் ஆசை. சொன்னால் பையனின் நோய் ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டு பானை வாங்கிக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன்.