கேள்விக்குறி போட்ட பெயர்கள்

2022 ஜனவரி 30, ஞாயிறு

நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் பிப்ரவரி 19 அன்று என்று அறிவிப்பு வந்து நான்கு நாள்கள் ஆகின்றன. எங்கள் பேரூராட்சியில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால், தெருக்குழாயில் தண்ணீர் வராத போதெல்லாம் எல்லோருக்குமாக மனு எழுதிக்கொண்டு போகும் தையற்கடை அக்காவையே சுயேச்சையாக நிறுத்துவதென்று எட்டுப் பேர் கூடி முடிவு செய்தோம். வைப்புத்தொகை 1,000 ரூபாய், செலவு வரம்பு 17,000 ரூபாய் என்றேன். "வரம்பைத் தொடவே நம்மிடம் பணம் இல்லையே, தம்பி" என்று சிரித்தார்.

பிப்ரவரி 4, வெள்ளி

வேட்புமனுவுக்குக் கடைசி நாள். முன்மொழிபவரின் பாகம் எண்ணை நான் தவறாக எழுதியிருந்ததை, வரிசையில் நிற்கும்போது அக்காதான் கண்டுபிடித்தார்.

பிப்ரவரி 7, திங்கள்

மூன்று மணிக்குப் பிறகு சின்னம் ஒதுக்கினார்கள். ஆட்டோவை இருவர் கேட்டதால் குலுக்கல், எங்களுக்கே விழுந்தது. அக்காவின் கணவர் ஓட்டுவதும் ஆட்டோதான்.

பிப்ரவரி 12, சனி

வாக்காளர் பட்டியலைத் தெருவாரியாகப் பிரித்து, உறுதியானவர்களுக்கு வட்டமும், வேறு கட்சிக்காரர்களுக்குக் கோடும், வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குக் கேள்விக்குறியும் பென்சிலால் போட்டு வருகிறேன். முதல் சுற்றில் எல்லா வீடுகளிலும் "பார்க்கலாம்" என்றுதான் சொன்னார்கள். இரண்டாம் முறை போய்த் திண்ணையில் உட்கார்ந்த பிறகே பேச்சு வந்தது. மேற்குச் சந்தில் ஒரு பாட்டி, வாசலில் சாக்கடை மூடி உடைந்து கிடப்பதால் இருட்டிய பிறகு வெளியே வருவதே இல்லை என்றார். எங்கள் பையன்கள் அன்று இரவே ஒரு கல்லைப் போட்டுவிடலாம் என்று துடித்தார்கள். வாக்குக் கேட்கும் நேரத்தில் அது கையூட்டு ஆகிவிடும் என்று நான்தான் தடுத்தேன். சட்டப்படி சரிதான் என்றாலும், அந்த வாசலைத் தாண்டி வரும்போது மனம் கூசியது.

பிப்ரவரி 17, வியாழன்

மாலை ஆறு மணியோடு பிரசாரம் முடிந்தது. "உங்கள் பக்கம் கவர் ஒன்றும் இல்லையா?" என்று மூன்று வீடுகளில் வெளிப்படையாகவே கேட்டார்கள். அவர்களுக்கு என்ன குறி போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 19, சனி

வாக்காளர்களை வண்டியில் ஏற்றி வருவது குற்றம். போதாததற்கு வண்டியே சின்னம். ஆகவே அக்காவின் கணவர் ஆட்டோவைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, நாள் முழுக்க நடந்தே அலைந்தார். கேள்விக்குறி போட்டவர்களில் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்களை ஒரு வாரமாகத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தோம். பதினான்கு பேர் முதல் நாள் இரவே வந்து இறங்கிவிட்டார்கள். பாட்டி பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தார்.

பிப்ரவரி 22, செவ்வாய்

பதினொரு வாக்கு வித்தியாசத்தில் வென்றோம். பட்டியலை எடுத்து அந்தப் பதினான்கு பெயர்களையும் ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

மார்ச் 2, புதன்

அக்கா பதவியேற்றார். நாளை மறுநாள் தலைவர் தேர்தல் என்பதால் சுயேச்சைகளுக்குத் திடீர் மரியாதை. இரு தரப்பிலிருந்தும் அழைப்பு மேல் அழைப்பு. அக்கா தொலைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்தில் கிடந்த தையல் டேப்போடு மேற்குச் சந்துக்குப் போய், உடைந்த மூடியின் நீள அகலத்தை அளந்து சொன்னார். நான் பட்டியலின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டேன்.