பாதி மட்டும் எழுதுகிற வேலை

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்பவர்களிடம் "பேஷண்ட் எழுதுறேன்" என்பேன். "பேஷண்டுக்கு எழுதுறீங்களா?" என்று திருத்துவார்கள். இல்லை, பேஷண்டையேதான். ஒரு மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் பேசிப் பழகுவதற்காக, நோயாளியாக நடிக்க ஆட்கள் வைத்திருக்கிறோம். ஸ்டாண்டர்டைஸ்டு பேஷண்ட், சுருக்கமாக எஸ்.பி. என்று கூப்பிடுவோம். கடையை மகனிடம் கொடுத்துவிட்ட தையல்காரர் ஒருவர், நாடகக் குழுவில் இருந்த அக்கா ஒருவர், இன்னும் சிலர். அன்றைக்கு அவர்கள் யாராக வந்து உட்கார வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பது நான்.

2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதும் 'ஏட்காம்' என்ற பெயரில் பாடமாக உள்ளே வந்தது. அதற்கு முன்பு நான் வீதி நாடகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தவன். பாத்திரம் எழுதுவது கைவந்த கலை என்ற நினைப்போடுதான் போய்ச் சேர்ந்தேன்.

முதலில் எழுதியது முத்துலட்சுமி, வயது 52, சர்க்கரை நோய். நான்கு பக்கம் எழுதினேன். பிறந்த ஊர், புருஷனின் குடி, மூத்தவளின் கல்யாணக் கடன், இட்லிக் கடை என்று ஒன்றும் விடவில்லை. நாடக அக்கா ஒரு வாரம் படித்து அத்தனையையும் மனப்பாடம் செய்துவிட்டார். மாணவன் வந்து உட்கார்ந்து "சொல்லுங்கம்மா, என்ன பண்ணுது?" என்றான். அவ்வளவுதான். கடன் வரைக்கும் மூச்சு விடாமல் கொட்டினார். மாணவனுக்குக் கேட்க ஒன்றுமே மிஞ்சவில்லை. தலையாட்டிக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போனான். அக்காவைக் குறை சொல்ல முடியாது. தாளில் இருந்ததை அவர் சொன்னார்.

அடுத்த தவறு இன்னும் மோசம். கெட்ட செய்தி சொல்லிப் பழகும் வகுப்பு ஒன்றுக்காக, "மருத்துவர் அவசரப்படுவார், அப்போது அழ வேண்டும்" என்று எழுதியிருந்தேன். வந்த மாணவி அவசரப்படவே இல்லை. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, "கூட யாரும் வந்திருக்காங்களாம்மா?" என்று மெல்லக் கேட்டாள். அக்கா அழுதார். தாளில் அழச் சொல்லியிருந்ததே! அந்தப் பெண் தான் என்ன தப்பாகப் பேசினோம் என்று புரியாமல் விழித்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. என் ஆளை எழுதும்போதே எதிராளியையும் சேர்த்து எழுதிவிட்டேன். நாடகத்தில் அது நடக்கும், இரண்டு பேருக்கும் வசனம் எழுதுபவன் ஒருவனே. இங்கே மறுபாதிக்குச் சொந்தக்காரர் வேறு.

நோயாளியாக நடிக்க ஆள் வைக்கும் இந்த முறையைத் தொடங்கியவர் ஹோவர்ட் பாரோஸ் என்ற நரம்பியல் மருத்துவர். 1963-ல், லாஸ் ஏஞ்சல்ஸில், தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில். அவருக்கு அந்த யோசனையை விதைத்த சம்பவம் ஒன்றை அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். தேர்வுக்காகப் பலமுறை பரிசோதிக்கப்பட்ட நிஜ நோயாளி ஒருவர், தன்னை முரட்டுத்தனமாகக் கையாண்ட மருத்துவரைப் பழிவாங்க, பாதத்தில் காட்ட வேண்டிய அறிகுறியை மறுகாலுக்கு மாற்றிவிட்டாராம். படித்தபோது சிரித்தேன். ஆனால் எனக்கு வேண்டியிருந்த சூத்திரம் அதில்தான் இருந்தது. எதிரில் இருப்பவர் எப்படி நடந்துகொள்கிறாரோ, அதைப் பொறுத்து அந்த மனிதரின் கதவு திறக்கிறது, அல்லது சாத்திக்கொள்கிறது. அழுகையை எழுதக் கூடாது, எது நடந்தால் அழுகை வரும் என்பதைத்தான் எழுத வேண்டும்.

இப்போது என் தாள் ஒரு பக்கம்தான். மேலே, நோயாளி சொல்லும் முதல் வாக்கியம் அச்சு மாறாமல் இருக்கும். அதற்குக் கீழே 'கேட்டால் சொல்', 'நல்லாக் கேட்டால் சொல்', 'சொல்லாதே' என்று மூன்று கட்டம். இரண்டாவது கட்டத்தை நிரப்பத்தான் எனக்கு நாள் பிடிக்கும். ஒரு மனிதர் எதை மறைக்கிறார், யாருக்குப் பயந்து மறைக்கிறார் என்று தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். புருஷனின் குடி, பெண்ணின் படிப்பு என்று அடுக்குவது எளிது. அதில் பாதி எனக்காக எழுதிக்கொள்வது, நடிப்பவருக்கு உபயோகமே இல்லை.

பேச்சுக்காக ஓ.பி. பெஞ்சில் போய் உட்காருவேன். பாடப்புத்தகத்தில் இருக்கிற மாதிரி நெஞ்சுவலி என்று யாரும் சொல்வதில்லை. "வாயு வந்து அடைச்ச மாதிரி இருக்கு" என்பார்கள். எத்தனை நாளாக என்றால் தேதி வராது. "தீபாவளிக்கு முந்தி இருந்தே", "பேத்தி சடங்கு முடிஞ்ச பெறகு" என்றுதான் கணக்கு. அந்தக் கணக்கை மாதமாக மாற்றுவது மாணவரின் பாடு. அதை நானே மாற்றிக் கொடுத்தால் அந்த ஆள் அங்கேயே செத்துப்போவார்.

தையல்காரர் வழக்கமாக உட்காருவது பரோட்டா மாஸ்டராக. வயது 48, காசநோய், ஆறு மாத மருந்து. மூன்றாவது மாதத்தில் நிறுத்திவிட்டார். முதல் வாக்கியம்: "இருமல் மறுபடி வந்துருச்சு சார்." மாத்திரையை நிறுத்தியது 'நல்லாக் கேட்டால் சொல்' கட்டத்தில் இருக்கிறது. மிரட்டிக் கேட்டால் "ஒழுங்காத்தான் போடுறேன்" என்பார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதைப் பார்த்துப் பயந்தது இன்னும் அடியில் கிடக்கிறது. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் அப்படித்தான் போகும், ஆபத்தில்லை. யாரும் அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. 'சொல்லாதே' கட்டத்தில் இருப்பது கடையின் பெயர். தெரிந்தால் முதலாளி வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

தாளில் இல்லாததை மாணவர் கேட்டால் நடிப்பவரே சொல்லிக்கொள்ளலாம். ஆனால் வெளியே வந்ததும் என்னிடம் சொல்லிவிட வேண்டும், பென்சிலால் தாளில் ஏற்றுவோம். இந்த விதி பிறந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. ஒரே முத்துலட்சுமியாகப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருவர் உட்கார்ந்தார்கள். ஒருவருக்குப் புருஷன் செத்து மூன்று வருடம், இன்னொருவருக்கு அவர் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார். ராத்திரி ஹாஸ்டலில் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். மறுநாள் வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

பரோட்டா மாஸ்டரை ஒரு வருடமாக நடித்ததில் தையல்காரர் எழுதிய பகுதி என்னுடையதைவிட அதிகம். உட்கார்ந்ததும் உள்ளங்கை இரண்டையும் வேட்டியில் துடைத்துக்கொள்வது அவர் சேர்த்தது. எண்ணெய்க் கை. ஒருநாள் அதைக் கவனித்த மாணவி, நோயைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "என்ன வேலை பாக்குறீங்கண்ணே?" என்று ஆரம்பித்தாள்.

"ஹோட்டல்ல."

"நைட்டா?"

"ரெண்டு மணி ஆயிரும்மா, கல்லு கழுவ."

"அப்ப எப்ப எந்திரிப்பீங்க?"

தாளில் அது இல்லை. வகுப்பைக் கவனிக்கிற கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தையல்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மறுபடி கையைத் துடைத்துக்கொண்டார்.

"பதினொண்ணு, பன்னெண்டு ஆவும். காலைல வெறும் வயித்துல போடுங்கன்னாங்க. எனக்குக் காலைன்னு ஒண்ணு எங்க இருக்கு?"

மாத்திரை விட்டுப்போன கதை முழுக்க அந்த வாக்கியத்தின் பின்னாலேயே வெளியே வந்துவிட்டது. "எந்திரிச்ச ஒடனே போட்டுக்கலாம்ணே, அதுதான் உங்களுக்குக் காலை" என்றாள் அவள். சிறுநீர் விஷயம் அதுவரை வராமலே இருந்தது. எழுந்து போகும்போது அவராகவே, குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணு கேக்கணும்மா" என்று திரும்பி உட்கார்ந்தார். மணி அடித்த பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் பென்சிலை வாங்கி அவரே எழுதினார், தையல் அளவு எழுதுகிற சின்ன எழுத்தில்: 'எந்திரிப்பது 11. டீ, பிறகு மாத்திரை.' நான் 'டீ'யை அடித்துவிட்டு மாத்திரையை முன்னால் கொண்டுவந்தேன். வெறும் வயிறு இல்லையா. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "சார், அவன் டீ குடிக்காம ஒண்ணும் செய்ய மாட்டான்" என்றார்.