இருமலுக்கும் இடுப்புவலிக்கும் என்ன உறவு?

மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றதும் பெரியவர் முகம் சுளித்தார். எலும்பு ஸ்கேனில் இதுதான் தொல்லை. ஊசி வழியே போகும் டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்து எலும்பில் படிய அவ்வளவு நேரமாகும். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று நாள் முழுதும் சொல்வது என் பிழைப்பு.

நுரையீரலில் கட்டி என்று தெரிந்த பிறகே அவரை எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். "இருமல் நெஞ்சில், வலி இடுப்பில். நாலு மாதமாகத் தைலம் தேய்க்கிறேன். இரண்டுக்கும் என்னம்மா உறவு?" என்றார். முடிவைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. "டாக்டர் சொல்வார் ஐயா" என்று நழுவினேன். மாலையில் திரையைப் பார்த்தால் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் கறுப்புப் புள்ளிகள்.

முதுகெலும்பு, விலா, இடுப்பு, தொடையெலும்பின் மேல்முனை. எலும்புக்குப் பரவும் புற்று தங்குவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். முழங்கைக்குக் கீழே அபூர்வம். பெரியவர்களின் உடலில் ரத்தம் ஊறும் சிவப்பு மஜ்ஜை இருப்பதும் ஏறக்குறைய இதே இடங்களில். மார்பகப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளைப் புரட்டிய லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட், புற்றுச்செல் என்ற விதை எங்கும் விழுந்தாலும் ஏற்ற உறுப்பு என்ற மண்ணில்தான் முளைக்கும் என்று 1889இலேயே எழுதிவிட்டார். மண்ணில் என்ன இருக்கிறது என்பதுதான் அப்போது தெரியவில்லை.

அதில் ஒன்று கெமோக்கைன். செல்களை 'இங்கே வா' என்று அழைக்கும் சிறிய புரதம். மஜ்ஜை ஓயாமல் சுரக்கும் சி.எக்ஸ்.சி.எல்.12 அப்படிப்பட்டது. அதன் நோக்கத்தில் குற்றமே இல்லை. ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்களின் மேல் அதைப் பிடித்துக்கொள்ளும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 என்ற ஏற்பி உண்டு. இந்த அழைப்பைக் கேட்டு அவை வீடு தங்கும். நுரையீரல் புற்றுச்செல்கள் பலவற்றிலும் அதே ஏற்பி முளைத்துவிடுகிறது. பிள்ளைக்குப் போட்ட குரலுக்கு அந்நியன் வந்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்கிறான். புற்று பரவுவதில் இந்த ஏற்பிக்குப் பங்குண்டு என்று 2001இல் ஆல்பர்ட் ஸ்லாட்னிக் குழுவினர் மார்பகப் புற்றில் காட்டிய பிறகு மற்றப் புற்றுகளிலும் தேடல் பெருகியது.

வந்தவன் சும்மா இருப்பதில்லை. எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகிறான். எலும்பு கரையும்போது வெளிப்படும் வளர்ச்சிக் காரணிகள் புற்றுக்கே தீனி. எனக்குத் தூக்கி வாரிப்போட்டது 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதனைக்கூடத்தில் கண்டது: ஆஸ்டியோகிளாஸ்டே சி.சி.எல்.22 என்ற இன்னொரு கெமோக்கைனைச் சுரக்கிறது. அதற்கான ஏற்பியுள்ள நுரையீரல் புற்றுச்செல்கள் அதை நாடி நகர்கின்றன. பந்தியில் உட்கார்ந்தபடியே ஆள் கூப்பிடுவது போல.

என் கேமரா புற்றைப் பார்ப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலும்பு தன்னைப் பழுதுபார்க்கும் முயற்சிதான் கறுப்பாகத் தெரிகிறது. அரிப்பு மட்டும் நடந்து பழுதுபார்ப்பு இல்லாத இடம் எங்கள் கண்ணுக்குத் தப்பிவிடலாம்.

சரி, அந்த சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பியை அடைத்துவிட்டால் என்ன? அடைக்கும் மருந்து இருக்கிறது: பிளெரிக்ஸாஃபோர். எச்.ஐ.வி.க்காக ஆராயப்பட்டு, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்குக் கிளப்பிவிட 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில்தான் சிக்கல்: சொந்தப் பிள்ளைகளான ஸ்டெம் செல்களும் அதே கதவில்தான் தொங்குகிறார்கள். எலும்புக்கு இன்று கொடுப்பது அது கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமிலம் அல்லது டெனோசுமாப், வலிக்குக் கதிர்வீச்சு.

கதிர்வீச்சுக்கு வந்த பெரியவர் என்னைத் தேடி வந்தார். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அழைப்புக் கதையை நான் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த தைலப் புட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

"அப்போ இது வேண்டாம்தானே?"