மெலிசான மஞ்சக்கோடு: சஃபோக் சைக்கிள் நாட்குறிப்பு

2024 ஏப்ரல் 21, ஞாயிறு

இங்கிலாந்துல சஃபோக் பக்கம் இருக்குற சட்பரிக்கு குடிவந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, இன்னைக்குதான் சைக்கிள உருப்படியா வெளிய எடுத்தேன். லேவன்ஹம் வரைக்கும் போயிட்டு வரலாம்னு நெனச்சு போன்ல இருக்குற ஆப்கிட்ட சைக்கிளுக்கு வழி கேட்டா அது பாட்டுக்கு பி1071ங்குற ரோடு மேலயே கோடு போட்டுக் குடுத்துருச்சு. ஏழு மைல்தானேன்னு கிளம்பிட்டேன். ரெண்டாவது மைல்லயே ஒரு வேன் முழங்கைய உரசுற மாதிரி போச்சு பாருங்க, ஹேண்டில்பார் ஆடிருச்சு. 2022 ஜனவரில ஹைவே கோட்ல, அதான் இந்த நாட்டு சாலை விதிப் புத்தகத்துல, திருத்தம் போட்டு, சைக்கிள்காரங்கள தாண்டும்போது குறைஞ்சது 1.5 மீட்டர் விடணும்னு எழுதியிருக்காங்க. அந்த வேன்காரர் வரைக்கும் சேதி இன்னும் போய்ச் சேரல போல.

லேவன்ஹம் என்னமோ அழகுதான். வீடெல்லாம் சாஞ்சுக்கிட்டு, மரச்சட்டம் வெளிய தெரிஞ்சுக்கிட்டு, ஒண்ணு மேல ஒண்ணு சரிஞ்சு நிக்குது. 500 வருஷம் முன்னாடி கம்பளித்துணி வித்து கொழிச்ச ஊரு, அப்புறம் யாவாரம் படுத்துருச்சு, இடிச்சுட்டு புதுசா கட்ட யார்கிட்டயும் காசு இல்ல, அதனால அப்படியே நின்னுருச்சு. பயணிகள் ரயிலையும் 1961ல நிறுத்திட்டாங்க. திரும்பி வர்றப்ப பயத்துல பாதி தூரம் புல்லு மேல தள்ளிக்கிட்டே வந்தேன்.

மே 12, ஞாயிறு

இப்ஸ்விச்ல ஒரு அண்ணன் இருக்காரு, பத்து வருஷமா இந்தப் பக்கம் சைக்கிள் ஓட்டுறவரு. போன்ல கதைய சொன்னேன். "தம்பி, ஆப்ப தூக்கிப் போடு, ஆர்டனன்ஸ் சர்வே மேப் ஒண்ணு வாங்கு, ரோஸ் கலர் அட்டை, நம்பர் 155"ன்னாரு. ஆர்டனன்ஸ் சர்வேன்னா இந்த நாட்டு அரசாங்க மேப் நிறுவனம். வாங்கிட்டு வந்து டைனிங் டேபிள்ல விரிச்சா டேபிளே பத்தல, சாம்பார் பாத்திரத்த எடுத்து அடுப்பு மேல வச்சாச்சு.

விஷயம் என்னன்னா அதுல கலர்தான் எல்லாமே. சிவப்பு ஏ ரோடு, அதாவது பெரிய மெயின் ரோடு, அந்தப் பக்கமே போகக்கூடாது. பி ரோடு, அதுக்கு அடுத்த ரகம், அவசரத்துக்கு மட்டும். மஞ்சள்ல ரெண்டு சைஸ் இருக்கு, தடிமனான கோடுன்னா நாலு மீட்டருக்கு மேல அகலம், மெலிசான கோடுன்னா நாலு மீட்டருக்கும் கம்மி. நமக்கு வேண்டியது அந்த மெலிசுதான். ரெண்டு வண்டி எதிரெதிர வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும், அதனாலயே அவசரக்காரன் எவனும் உள்ள வரமாட்டான். அதுலயும் ஊருக்கு நேராப் போகாம சுத்தி வளைச்சு எங்கயோ ஒரு பண்ணையத் தொட்டுட்டுப் போற கோடா பாத்து எடுக்கணும்னாரு அண்ணன். நேரா போச்சுன்னா அது குறுக்கு வழி, குறுக்கு வழின்னா டெலிவரி வேன் வரும்.

இன்னைக்கு மில்டன் பக்கமா அப்படி ஒண்ணு புடிச்சேன். ரோட்டு நடுவுல புல்லு! தார் ரோடுதான், ஆனா சக்கரம் போற ரெண்டு தடம் மட்டும் கருப்பு, நடுவுல பச்சையா ஒரு கோடு, ரெண்டு பக்கமும் கவ் பார்ஸ்லி இடுப்பு உயரத்துக்கு வெள்ளையா பூத்துக் கெடக்கு, நம்ம ஊர் கொத்தமல்லிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், பூவப் பாத்தாலே தெரியும். திடீர் திடீர்னு தொண்ணூறு டிகிரில திரும்புது ரோடு, காரணமே இல்லாம. காரணம் இருக்கு, பழைய காலத்து வயலோட வரப்ப சுத்தித்தான் ரோடு போகுது, வயலுக்காரன் வழி விடல. நம்ம ஊர் வண்டிப்பாதையும் இப்படித்தானே. ஒண்ணே முக்கால் மணி நேரத்துல மூணே கார்.

இன்னொரு கூத்து, இந்தப் பாதை வாசல்ல வெள்ளை வட்டத்துல கருப்புக் கோடு போட்ட போர்டு நிக்குது. அப்படின்னா மணிக்கு 60 மைல் வரைக்கும் போகலாமாம்! மாட்டு வண்டியே முக்கி முக்கிப் போற அகலம்.

ஜூன் 23, ஞாயிறு

காலைல நாலரைக்கே வெளிச்சம், அஞ்சு மணிக்கு கிளம்பிட்டேன். எட்வர்ட்ஸ்டன், க்ரோட்டன். இங்க சில பாதைல க்வயட் லேன்னு பச்சை போர்டு வச்சிருக்காங்க, நடக்குறவங்க, சைக்கிள், குதிரை, கார் எல்லாரும் பொறுமையா பகிர்ந்துக்கணும்னு அர்த்தம். நல்லதுதான், ஆனா அந்த போர்டு வச்சா மட்டும் ஸ்பீட் லிமிட் மாறாது. நான் இப்பெல்லாம் போர்ட விட நடுவுல புல்லு இருக்கான்னுதான் பாக்குறேன்.

வழியில ஒரு அம்மா குதிரை மேல. பின்னாடி சத்தமில்லாம போய் நின்னா குதிரை மிரளும், பெல் அடிச்சாலும் மிரளும், அதனால தூரத்துலயே "குட் மார்னிங்"னு சத்தமா சொல்லணும், மனுசக் குரல் கேட்டா அது பயப்படாதாம். அந்தம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க, கொஞ்சம் கோவமாத்தான்.

க்ரோட்டன் பத்தி ஒண்ணு. 1630ல அட்லாண்டிக் தாண்டிப் போய் மாசசூசெட்ஸுக்கு கவர்னரா இருந்த ஜான் விந்த்ராப் இந்த ஊர்க்காரர். ஆள் போனதுக்கப்புறம் இங்க பெருசா ஒண்ணும் நடக்கல போல, காலை ஆறரைக்கு புறா கத்துறத தவிர ஒரு சத்தம் இல்ல.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

லிண்ட்ஸி வழியா கெர்ஸி. லிண்ட்ஸில 13ஆம் நூற்றாண்டு சேப்பல் ஒண்ணு, கூரை வேய்ஞ்சது, குடிசை மாதிரி ரோட்டோரமா நிக்குது. கெர்ஸில ரெண்டு பக்கமும் செங்குத்தா எறங்குற ஒரே தெரு, அடில ஓடை ரோட்டு மேலயே ஓடுது. ஓரத்துல நடைபாலம் இருக்கு, ஒழுங்கா தள்ளிக்கிட்டுப் போயிருக்கலாம். வாத்தெல்லாம் வேடிக்கை பாக்குதேன்னு ஸ்டைலா தண்ணிக்குள்ளயே விட்டேன், அடில பாசி, சர்ருனு வழுக்கி முட்டி வரைக்கும் நனைஞ்சேன். வாத்து அசையவே இல்ல.

தண்ணி பாட்டில் காலி, கடை கண்ணி ஒண்ணும் கண்ல படல. சர்ச் கல்லறைத் தோட்டத்துல பூச்செடிக்கு ஊத்த குழாய் வச்சிருந்தாங்க, முகம் கழுவ அது போதும். வீட்டு வாசல்ல முட்டை டப்பாவும் பக்கத்துல காசு போட ஒரு டின்னும், ஆளே இல்ல. ஆறு முட்டை வாங்கி பைல வச்சு வந்தேன், நாலு பொழைச்சுது.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்னைக்கு முள்ளு.

பறவை கூடு கட்டுற காலம்னு மார்ச் 1ல இருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் வேலி வெட்டக்கூடாதுன்னு இந்த வருஷம் இங்கிலாந்துல விதியே போட்டுட்டாங்க. அதனால செப்டம்பர் பொறந்ததும் ட்ராக்டர் கைல சுத்துற வெட்டுக்கருவிய மாட்டி எல்லா வேலியையும் நறுக்கித் தள்ளுறாங்க. வேலின்னா என்ன, ஹாதார்ன், ப்ளாக்தார்ன், எல்லாம் முள்ளு. நறுக்குனது பூரா ரோட்டுல. மெலிசான மஞ்சக்கோட்டுலதான் வேலி ரோட்ட ஒட்டி இருக்கும், அப்ப முள்ளும் அங்கதான் அதிகம். அமைதிக்கு குடுக்குற விலைன்னு வச்சுக்கங்க.

கெட்டில்பாஸ்டன் தாண்டி பின் வீல் புஸ்ஸுனு போச்சு. ட்யூப மாத்தி காத்தடிச்சு, கைய தொடச்சுட்டு பெருமையா ஏறுனேன், இருநூறு அடி போகல, மறுபடி புஸ்ஸு. டயர் உள்பக்கம் விரல ஓட்டி முள்ள தேடி எடுக்காம விட்டுட்டேன். எங்க ஊர்ல சீமைக்கருவேல முள்ளு ஏறாத சைக்கிள் உண்டா, பஞ்சர் கடைக்காரரு ட்யூப தண்ணித் தொட்டில முக்கி குமிழி பாக்குறதுக்கு முன்னாடி டயருக்குள்ள கைய விட்டு ஒரு சுத்து தடவுவாரு, சின்ன வயசுல பக்கத்துல குத்தவச்சு நூறு தடவை பாத்திருக்கேன். ஒண்ணும் மண்டைல ஏறல. கடைசில ஓட்டைய பேட்ச் போட்டு, சொல்யூஷன் காயுற வரைக்கும் வேலில ப்ளாக்பெர்ரி பறிச்சுத் தின்னுக்கிட்டு நின்னேன். முக்கால் மணி நேரம். ஒரு வண்டி வரல, அப்பதான் ஒரு வண்டி வந்தா நல்லாருக்குமேன்னு இருந்துச்சு.

அக்டோபர் 20, ஞாயிறு

சுகர் பீட், அதான் சர்க்கரை எடுக்குற கிழங்கு, அறுவடை ஆரம்பிச்சாச்சு, பெரி செயிண்ட் எட்மண்ட்ஸ் சர்க்கரை ஆலைக்கு லோடு போகுது. வயல்ல இருந்து ட்ராக்டர் ஏறுற எடமெல்லாம் களிமண்ணு, மழை வேற பேஞ்சிருக்கு, ரோடு சோப்பு மாதிரி. திருப்பத்துல பிரேக் புடிக்கவே பயமா இருந்துச்சு, மெதுவா உருட்டிட்டு வந்தேன். மொத்தம் எட்டு மைல்தான், பாத்த கார் ஒண்ணு, ட்ராக்டர் நாலு, எல்லா ட்ராக்டர்காரரும் கைய தூக்குனாங்க.

வீட்டுக்குள்ள சைக்கிள கொண்டு வரக்கூடாதுன்னு வாசல்லயே ஆர்டர். பழைய பல்லு தேய்க்குற ப்ரஷ்ஷால செயின் மண்ண நோண்டிக்கிட்டே மேப்ப பாத்தேன், ஓட்டுன பாதையெல்லாம் பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்கேன். ப்ரெட்டன்ஹம் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு, ரெண்டு தடவ வளைஞ்சு ஒரு பண்ணைக்குள்ளயே போய் நிக்கிற மாதிரி தெரியுது.