வால் உடைந்த மீனை எப்படி அளப்பது?

கொல்லத்தின் சக்திகுளங்கரைத் துறைமுகத்தில் ஆழ்கடல் இறால் படகுகள் வந்து நின்றால் எல்லாருடைய கண்ணும் இறால் மீதுதான் இருக்கும். கேரள விசைப்படகுகள் 1999-2000 வாக்கில் 200 மீட்டர் ஆழத்தைத் தாண்டி மடிவலை இழுக்கத் தொடங்கின. வரைபடத்தில் குயிலான் பேங்க் என்று குறித்திருக்கும் கொல்லத்துக்கு வெளியிலான கடற்பகுதிதான் அதற்குப் பேர்போன இடம். ஹெட்டெரோகார்பஸ், பிளெசியோனிகா, அரிஸ்டியஸ் என்று சிவப்பு நிற இறால்கள் அங்கிருந்து வருகின்றன. பின்னாளில் தூத்துக்குடியிலும் இந்த வகைகள் இறங்கின. இறாலைப் பிரித்தெடுத்த பிறகு தளத்தில் மிச்சம் கிடப்பவை பச்சைக்கண் மீன்கள், விளக்கு மீன்கள், எலிவால் மீன்கள், பெயர் தெரியாத கறுப்பு மீன்கள். எங்கள் பக்கம் இப்படிப்பட்ட மிச்சத்துக்குச் சங்காயம் என்று பெயர். கோழித் தீவனத்துக்கோ உரத்துக்கோ போய்ச் சேரும். என் வேலை பல வருடம் அந்தச் சங்காயத்தோடுதான்.

வேலை என்னவென்றால், ஒவ்வொரு மீனையும் அளவுப் பலகையில் கிடத்தி நீளம் பார்ப்பது, தராசில் எடை பார்ப்பது, இரண்டுக்கும் உள்ள தொடர்பை ஒரு சமன்பாடாக எழுதுவது. குமரி மாவட்டத்துக்காரர் ஒருவர் அங்கே படகு ஓட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "கோழிக்குப் போற மீன ஒவ்வொண்ணா எடை போட்டு என்ன சார் செய்யப் போறீங்க? பெட்டியோட தூக்கி வச்சா ஒரே எடைதான?"

நியாயமான கேள்வி. நான் சொன்ன பதில் இதுதான். கடலுக்கு அடியில் யாரும் தராசு கொண்டுபோக முடியாது. கேமரா இறக்கினால் நீளம்தான் தெரியும். படகில் நூறு பெட்டி வந்தால் ஒரு பெட்டியைக் கொட்டி நீளம் அளக்க நேரம் இருக்கும், அதற்குமேல் இருக்காது. வேறொரு மீனின் வயிற்றிலிருந்து பாதி செரித்த மீன் கிடைத்தால் எலும்பை வைத்து நீளத்தைத்தான் மதிப்பிட முடியும். எல்லா இடத்திலும் கைக்குக் கிடைப்பது நீளம், தேவைப்படுவது எடை. இரண்டுக்கும் நடுவில் ஒரு நம்பகமான சமன்பாடு இல்லாவிட்டால், கடலில் இத்தனை டன் மீன் இருக்கிறது என்று யார் சொன்னாலும் அது அந்தரத்தில் நிற்கும். நடுக்கடல் ஆழத்துச் சிறு மீன்கள் உலகம் முழுவதும் சுமார் 100 கோடி டன் இருக்கும் என்று 1980-ல் ஒரு மதிப்பீடு வந்தது. 2014-ல் ஒலிக்கருவி கொண்டு செய்த ஆய்வு அது பத்து மடங்குகூட இருக்கலாம் என்றது. இவ்வளவு பெரிய எண்களை நம்பி நாளைக்கு ஒரு நாடு வலை இறக்க முடிவெடுக்கலாம். அப்படிப்பட்ட கணக்குகளில் எங்கோ ஒரு மூலையில், யாரோ ஒருவர் மீனைப் பலகையில் கிடத்தி அளந்த எண் உட்கார்ந்திருக்கும்.

சமன்பாடு எளிமையானது. நீளத்தை ஒரு அடுக்குக்கு உயர்த்தி, ஒரு மாறிலியால் பெருக்கினால் எடை. அடுக்கை பி என்றும் மாறிலியை ஏ என்றும் எழுதுவோம். மீன் தன் உருவம் மாறாமல் வளர்ந்தால் பி சரியாக 3. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு. பி 3.3 என்றால் கிட்டத்தட்ட பத்து மடங்கு, 2.7 என்றால் ஆறரை மடங்கு. தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் ஒரு இலக்கம் இவ்வளவு பேசும். மாறிலி ஏ உருவத்தைச் சொல்லும். சென்டிமீட்டரிலும் கிராமிலும் கணக்கிட்டால் விலாங்கு போன்ற உடலுக்கு அது 0.001 பக்கம் இருக்கும், சாதாரண மீன் உடலுக்கு 0.01 பக்கம் வரும். ஒரு அட்டவணையில் இந்த எண்ணைப் பார்த்தாலே மீன் ஒல்லியா தடியா என்று சொல்லிவிடலாம்.

கரையோர மீன்களுக்கு இதெல்லாம் பெரும்பாலும் சிக்கலில்லாமல் நடக்கும். சாளையையோ கும்பளாவையோ அளப்பது ஒரு காலை வேலை. ஆழத்து மீன் வந்தால்தான் நீளம் என்பதே எது என்ற கேள்வி எழும்.

எலிவால் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மக்ரூரிடே குடும்பம். பெரிய தலை, பெரிய கண், அதற்குப் பின்னால் உடல் சட்டென்று ஒடுங்கி, சாட்டை நுனி போல முடிகிற வால். மற்ற மீன்களுக்கு இருப்பதுபோலத் துடுப்பு விரிந்த வால் இதற்குக் கிடையாது. நானூறு மீட்டர் ஆழத்திலிருந்து மணிக்கணக்கில் இழுபட்டு மேலே வரும் மடியில் இந்த வால் தப்பிப்பது அபூர்வம். கடலிலேயே வேறு ஏதாவது கடித்துத் துண்டாகி, ஆறி, முனை மழுங்கிய வாலோடும் மீன்கள் வரும். ஆறிய வாலுக்கும் முழு வாலுக்கும் வித்தியாசம் பார்த்தவுடன் தெரியாது, துடுப்புக் கதிர்களைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

30 சென்டிமீட்டர் மீனுக்கு 6 சென்டிமீட்டர் வால் போய்விட்டது என்று வையுங்கள். எடையில் அது ஒன்றுமே இல்லை, நூல் மாதிரியான வால்தானே. ஆனால் பலகையில் 24 என்று எழுதிச் சமன்பாட்டில் போட்டால், வரும் எடை உண்மையான எடையில் பாதிதான். இதே பிழை உள்ள மீன்களை வைத்தே சமன்பாட்டை உருவாக்கினால் இன்னும் மோசம், ஏயும் பியும் இரண்டுமே கெட்டுப்போகும். அதனால்தான் வட அட்லாண்டிக்கில் இந்தக் குடும்பத்தை அளப்பவர்கள் முழு நீளத்தை விட்டுவிட்டு, மூக்கு நுனியிலிருந்து குதத்துடுப்பு தொடங்கும் இடம் வரைக்கும் அளக்கிறார்கள். வால் எங்கே முறிந்தாலும் இந்த அளவு மாறாது. நம் கடலிலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழு நீளம், தலை நீளம், குதத்துடுப்பு வரையிலான நீளம் மூன்றையும் எழுதினால் பழைய தரவோடு ஒப்பிடவும் வழி இருக்கும்.

மற்ற மீன்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. வால்துடுப்பைச் சேர்த்து அளந்ததா, சேர்க்காமல் அளந்ததா என்று சொல்லாமலே சமன்பாட்டை வெளியிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முழு நீளம் வால்துடுப்பு நீங்கலான நீளத்தைப் போல 1.2 மடங்கு என்றால், துடுப்பு நீங்கலான நீளத்துக்கு எழுதிய சமன்பாட்டில் முழு நீளத்தைப் போடும்போது எடை 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். மீன் குண்டாகவில்லை, பலகை மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் எடை. நீளத்தையாவது ஒழுங்காக அளந்துவிடலாம், எடை இன்னும் வழுக்கும். ஆழத்தில் வாழும் பல மீன்களின் தசையில் தண்ணீர் அதிகம், எலும்பு மெலிது. ஆழம் கூடக்கூட நடுநீர் மீன்களின் உடலில் நீர்ப்பங்கு கூடுவதை கலிபோர்னியாக் கடலில் 1970-களிலேயே காட்டியிருக்கிறார்கள். இரை குறைவான இடம். கனத்த தசையைக் கட்டிக் காப்பதற்குச் செலவு அதிகம். சில மீன்களைக் கையில் எடுத்தால் நுங்கு மாதிரி நழுவும். அப்படிப்பட்ட உடலைப் பனிக்கட்டியில் வைத்து இரண்டு மூன்று நாள் கழித்துக் கரைக்குக் கொண்டுவந்தால் அதற்குள் எவ்வளவு நீர் வடிந்திருக்கும்? உறையவைத்து உருக்கினாலும் வடியும். ஃபார்மலினில் போட்டால் நீளம் சுருங்கும், ஆல்கஹாலில் போட்டால் எடை குறையும். ஆய்வுக்கப்பலில் பிடித்த உடனேயே எடை பார்க்கலாமே என்றால், கப்பல் ஆடும்போது சாதாரணத் தராசில் எண் நிற்காது. ஆட்டத்தை ஈடுசெய்யும் கடல் தராசு எல்லாக் கப்பலிலும் இருப்பதில்லை. ஆகவே எந்த நிலையில் எடை பார்த்தோம் என்பதை எழுதியே ஆக வேண்டும். புதிதாகவா, உருகியதா, பதப்படுத்தியதா? ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாத தரவை நான் இப்போதெல்லாம் மற்றதோடு சேர்ப்பதில்லை.

காற்றுப்பை உள்ள மீன்களில் இன்னொன்று. மேலே வரும்போது அழுத்தம் குறைந்து பை உப்பி, இரைப்பையை வாய் வழியாக வெளியே தள்ளிவிடும். உள்ளே இருந்த இரை எல்லாம் கடலோடு போய்விட்டிருக்கும். அதன் எடையும் பக்கத்தில் வயிறு நிறைந்து கிடக்கும் இன்னொரு மீனின் எடையும் ஒரே வரைபடத்தில் புள்ளிகளாக உட்காரும்.

இங்கேதான் வலு என்று சொல்லும் அளவுகோலைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு நீளத்துக்கு எதிர்பார்க்கும் எடையைவிட மீன் கனமாக இருந்தால் நல்ல ஊட்டத்தில் இருக்கிறது என்று சொல்வோம். இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் பெர்ச் மீனை வைத்து லெ கிரென் என்ற ஆய்வாளர் 1951-ல் எழுதிய வழிமுறை இன்றும் எல்லாரும் பின்பற்றுவது. ஏரி மீனுக்குச் சரி. ஆனால் பட்டினி கிடக்கும் மீன் தன் கொழுப்பையும் புரதத்தையும் செலவழிக்கும்போது அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பும். தராசு பெரிய மாற்றத்தைக் காட்டாது. ஏற்கெனவே நீர் மிகுந்த ஆழ்கடல் மீனுக்கு எடையை மட்டும் பார்த்து ஊட்டம் சொல்வதைவிட, கொஞ்சம் தசையை உலர்த்தி நீர்ப்பங்கு பார்ப்பது எவ்வளவோ மேல். அடுப்பும் பொறுமையும் இருந்தால் செய்துவிடலாம்.

ஆண், பெண் தனித்தனியாக எழுத வேண்டும் என்பது பாடப்புத்தக விதி, சினைக்காலத்தில் பெண்ணின் எடை கூடிவிடும் என்பதால். பச்சைக்கண் மீன் இந்த விதிக்குள் அடங்காது. குளோரோப்தால்மஸ் இனத்தில் ஒரே மீனில் சினையும் விந்தும் ஒரே நேரத்தில் இருக்கும். கொல்லத்தில் அதிகம் வரும் மீன்களில் இதுவும் ஒன்று. அதற்கு முதிர்ச்சி நிலைவாரியாகத்தான் பிரிக்க முடியும்.

ஆழ்கடல் சுறாவில் கதை வேறு. சென்ட்ரோஃபோரஸ் இனச் சுறாக்களுக்குக் காற்றுப்பை இல்லை. மிதப்பதற்கு ஈரல் எண்ணெய்தான் துணை. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஈரலாக இருக்கும். அந்த எண்ணெயில் உள்ள ஸ்குவாலீன் என்ற விலைபோகும் பொருளுக்காகத்தான் அவற்றைப் பிடிக்கிறார்கள். சுறாப் பிடிப்பில் பெயர்பெற்ற குமரி மாவட்டத்துத் தூத்தூர்க் கரைக்காரர்கள் நன்றாக அறிந்த மீன் இது. ஈரலைக் கடலிலேயே எடுத்துவிட்டு உடலை மட்டும் கரைக்குக் கொண்டுவந்தால், முழு எடைச் சமன்பாடும் குடல் நீக்கிய எடைச் சமன்பாடும் தனித்தனியாகக் கையில் இருந்தால் மட்டுமே பிடிப்பின் உண்மையான அளவு தெரியும். ஒரு ஈற்றில் மிகச் சில குட்டிகளே போடும் இந்தச் சுறாக்களுக்கு அளவு தெரியாமல் போவது ஆபத்து. மாலத்தீவில் 1980 வாக்கில் தொடங்கிய ஈரல் எண்ணெய்ச் சுறாப்பிடிப்பு வேகமாக வளர்ந்து அதே வேகத்தில் சரிந்தது. 2010-ல் அந்த நாடு சுறாப் பிடிப்பையே முழுதாகத் தடை செய்துவிட்டது.

எண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாணவர்கள் ஆய்வேட்டைக் கொண்டுவந்தால் நான் முதலில் பார்ப்பது பியின் மதிப்பை அல்ல, மிகச் சிறிய மீன் எவ்வளவு, மிகப் பெரிய மீன் எவ்வளவு என்பதைத்தான். எல்லா மீனும் 12 முதல் 15 சென்டிமீட்டருக்குள் இருந்தால், பி 2.4 என்றும் வரலாம், 3.6 என்றும் வரலாம். எதற்கும் அர்த்தமில்லை. பெரும்பாலான மீன்களுக்கு 2.5-க்கும் 3.5-க்கும் நடுவில்தான் பி இருக்கும் என்றும், வெளியே போனால் பெரும்பாலும் அளவு வீச்சு குறுகியதே காரணம் என்றும் மீன் ஆய்வாளர் ரெய்னர் ஃப்ரோஸ் 2006-ல் விரிவாகக் காட்டினார். இறால் மடியின் கண் வழியே குஞ்சுகள் தப்பிவிடும், பெரியவை இன்னும் ஆழத்தில் இருக்கும், நடுத்தரம் மட்டும் துறைமுகத்துக்கு வரும். ஆகவே துறைமுகத் தரவை மட்டும் வைத்து எழுதும் சமன்பாட்டுக்கு அந்த வீச்சுக்குள்தான் மதிப்பு. அதற்கு வெளியே நீட்டிக் கணக்குப் போடக் கூடாது.

அந்த இடைவெளியை நிரப்ப ஆய்வுக்கப்பல்களின் மாதிரிகள் வேண்டும். கொச்சியிலிருந்து போகும் சாகர் சம்பதா சிறிய கண் உள்ள நடுநீர் வலையைப் போட்டு எடுக்கும் விளக்கு மீன் குஞ்சுகள், படகுக்காரர்கள் கொண்டுவரும் வளர்ந்த மீன்கள், இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தால்தான் குஞ்சுப் பருவத்திலும் வளர்ந்த பருவத்திலும் கோடு ஒன்றேதானா, நடுவில் எங்காவது திரும்புகிறதா என்று பார்க்க முடியும். அதற்கு இரண்டு இடத்திலும் ஒரே முறையில் அளந்திருக்க வேண்டும். துறைமுகத்தில் அளப்பவரும் கப்பலில் அளப்பவரும் ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே பத்து மீனை அளந்து பார்த்தால் போதும், எங்கே வேறுபடுகிறோம் என்று தெரிந்துவிடும். இதை நான் சொல்லாத கூட்டம் இல்லை.