நடுவில் என்ன தடை? சரித்திரக் காதல் நாவல்களோடு பதினோரு மாதம்

பதினைந்து வயதில் 'சிவகாமியின் சபதம்' முடித்த இரவு எனக்கு வந்த கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை. நான்கு பாகம் படித்தாயிற்று, வாதாபியே எரிந்தாயிற்று, அப்புறமும் சிவகாமிக்கும் மாமல்லருக்கும் கல்யாணம் இல்லை. மறுநாளே ஆறுதலுக்குக் 'கடல் புறா'வைக் கையில் எடுத்தேன். பிறகு வேலை, வீடு என்று ஓடியதில் கதைப் புத்தகமே கையைவிட்டுப் போயிற்று.

இந்த ஜனவரியில் மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை ஆங்கிலத்தில் இதற்கென்றே தனி வகையாக எழுதப்படும் சரித்திரக் காதல் நாவல்கள். மாதம் மூன்று படிப்பது, ஒவ்வொன்றுக்கும் நோட்டில் அரைப் பக்கம் எழுதுவது, பிடித்ததைப் பொருத்தமான ஆளிடம் தள்ளிவிடுவது என்று திட்டம். இதில் கடைசி வேலைதான் கஷ்டம் என்று அப்போது தெரியாது.

ஜனவரி முழுக்க ட்யூக்குகள், அதாவது இங்கிலாந்தின் உச்சப் பட்டம் பெற்ற பிரபுக்கள். ஜூலியா க்வின் 2000இல் எழுதிய 'தி ட்யூக் அண்ட் ஐ'யில் தொடங்கினேன். 'பிரிட்ஜர்டன்' என்று நெட்ஃப்ளிக்ஸ் தொடராக 2020 டிசம்பரில் வந்ததே, அதன் முதல் புத்தகம். அந்த வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அகரவரிசைப்படி பெயர் வைத்திருப்பதால் யார் மூத்தவர், யார் இளையவர் என்று குழம்பவே வேண்டாம். அடுத்து எடுத்ததிலும் ட்யூக், அதற்கடுத்ததிலும் ட்யூக். நிஜத்தில் அந்தப் பட்டம் வைத்திருந்தவர்கள் சில டஜன் பேர்தான், நாவல்களில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் நெருக்கியடித்து வாழும் ரீஜன்சி காலமோ, கண்டிப்பாகக் கணக்குப் பார்த்தால், 1811 முதல் 1820 வரைதான். மூன்றாம் ஜார்ஜ் மனநலம் குன்றிப் போக, மகன் அவர் பெயரில் ஆட்சி நடத்திய ஒன்பது வருஷம். அதற்குள் இத்தனை நடன விருந்தா என்று எனக்கே மூச்சு வாங்கியது.

இந்த வகைக்கு எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: கடைசியில் இருவரும் சேர்ந்தே ஆக வேண்டும். சிவகாமியிடம் அடி வாங்கிய எனக்கு இது முதலில் ஏமாற்று வேலையாகப் பட்டது. முடிவு தெரிந்துவிட்டால் எதற்குப் படிப்பது? ஆனால் துப்பறியும் கதையிலும் கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்துதானே படிக்கிறோம். சேர்வார்களா என்ற கேள்வியை எடுத்துவிட்டால், சேர விடாமல் எது தடுக்கிறது என்பதில் கண் நிற்கிறது. இது எனக்கு உறைக்க மார்ச் ஆயிற்று.

மார்ச் மோசமான மாதம். எடுத்ததில் ஆறு புத்தகங்களைப் பாதியில் விட்டேன். ரசனையே போய்விட்டதோ என்று பயந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டைப் புரட்டினேன். விட்ட ஆறிலும் ஒரே நோய். அவள் யாருடனோ பேசியதை அவன் பார்த்துவிடுகிறான், தப்பாக எடுத்துக்கொள்கிறான், இருநூறு பக்கம் முறைத்துக்கொண்டே திரிகிறான். 'அவர் யார்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மூன்றாம் அத்தியாயத்தில் கதை முடிந்திருக்கும். கவுனும் குதிரை வண்டியும் வெறும் அலங்காரம். இதே சண்டையை இன்றைய அலுவலகத்தில் வைத்தாலும் அப்படியே ஓடும்.

அன்றைக்கு நோட்டில் கோடு போட்டுப் புதிதாக ஒரு பத்தி பிரித்தேன். தலைப்பு 'தடை'. பணம், சட்டம், அந்தஸ்து, போர், கொடுத்த வாக்கு என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுத ஆரம்பித்தேன். பேசினாலே தீர்ந்துவிடக்கூடியதாக இருந்தால் 'பே.தீ.' என்று போட்டுவிடுவேன். அதற்குப் பிறகு பே.தீ. வாடை அடித்தால் ஐம்பதாம் பக்கத்தோடு மூடிவிடுகிறேன். குற்ற உணர்ச்சி துளியும் இல்லை.

ஏப்ரலில் கைக்கு வந்தது லிசா க்ளெய்பாஸின் 'டெவில் இன் வின்ட்டர்'. கதை நடப்பது 1843. திக்குவாய்ப் பெண் ஈவி, உறவுக்காரர்களின் கொடுமை தாங்காமல், ஊரே தூற்றும் ஊதாரி செயின்ட் வின்சென்ட்டின் வீட்டுக்கு இரவில் தனியாகப் போகிறாள். என்னைக் கல்யாணம் செய்துகொள், எனக்கு வரப்போகும் சொத்து உனக்கு என்று பேரம் பேசுகிறாள். உடனே வண்டி ஏறி, பனிக் குளிரில் கிரெட்னா கிரீன் போகிறார்கள்.

இந்த ஊர்ப் பெயர் முந்தைய நாவல்களிலும் அடிபட்டதால் அது என்ன என்று தேடிப் பார்த்தேன். 1753இல் இங்கிலாந்தில் ஹார்ட்விக் சட்டம் வந்தது. திருமணம் செல்லுபடியாக வேண்டுமானால் தேவாலயத்தில் மூன்று ஞாயிறு அறிவிக்க வேண்டும், அல்லது உரிமம் வாங்க வேண்டும். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு உரிமம் வேண்டுமென்றால் பெற்றோர் சம்மதம் தேவை. ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் கிடையாது. எல்லையைத் தாண்டியதும் வருகிற ஊர் கிரெட்னா கிரீன், அவ்வளவுதான் விஷயம். 1856இல், கல்யாணம் செய்துகொள்கிறவர்களில் ஒருவராவது ஸ்காட்லாந்தில் இருபத்தொரு நாள் தங்கியிருக்க வேண்டும் என்று இன்னொரு சட்டம் வந்து இந்த ஓட்டத்துக்கு முட்டுக்கட்டை போட்டது. ஆக 1860இல் நடக்கும் கதையில் ஒரு ஜோடி ராத்திரியோடு ராத்திரியாக அங்கே ஓடிப்போய்த் தாமதமில்லாமல் கல்யாணம் முடித்துவிட்டால், எழுதியவர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று அர்த்தம்.

இது தெரிந்தபின் அந்த வண்டிப் பயணத்தை மறுபடி படித்தேன். ஈவி ஒரு கட்டத்தில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போகிறாள். முதல் முறை படித்தபோது இதமான காட்சி. இரண்டாம் முறை வயிற்றைப் பிசைந்தது. மனைவியின் சொத்து மனைவிக்கே என்று இங்கிலாந்தில் முழுசாகச் சட்டமானது 1882இல்தான். 1843இல் அவளுக்கு வரும் பணம் கல்யாணத்தோடு புருஷன் கைக்குப் போய்விடும். அவன் சொன்ன வாக்கைத் தவிர அவள் கையில் ஒன்றும் இல்லை. அந்த நிலையில் ஒருத்தி அவன் தோளில் தூங்குகிறாள் என்றால் அது களைப்பு மட்டும் இல்லையே. தடைப் பத்தியில் 'சட்டம், பணம்' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு கோடு போட்டேன்.

அதே உற்சாகத்தில் ஒரு தோழியிடம் கொடுத்தேன். இரண்டே நாளில் முடித்துவிட்டு, இது தொடரில் மூன்றாவது என்று கண்டுபிடித்து இரண்டாவதுக்குப் போனாள். அங்கே இதே செயின்ட் வின்சென்ட்தான் வில்லன், வேறொரு பெண்ணைக் கடத்திக்கொண்டு போகிறவன். போனில் கத்தினாள்: “இவனையா நல்லவன்னு என் தலையில் கட்டினே?” தப்பு என்மேல்தான். வரிசைப்படி படித்திருந்தால் அவன் திருந்துகிற கதையாக இருந்திருக்கும். தலைகீழாகப் படித்ததில் ஏமாற்றிய கதையாகிவிட்டது. அன்று முதல் நோட்டில் 'தொடரில் எத்தனையாவது' என்று இன்னொரு பத்தி.

கோடைக்காலம் ஜார்ஜெட் ஹேயருக்குப் போயிற்று. உடம்பு சரியில்லாத தம்பிக்குப் பொழுதுபோகச் சொன்ன கதையையே 'தி ப்ளாக் மாத்' என்று 1921இல், பத்தொன்பது வயதில், புத்தகமாக்கியவர். இன்றைய ரீஜன்சி நாவல்களின் பாட்டி என்று தாராளமாகச் சொல்லலாம். படுக்கையறைக் கதவைத் திறக்கவே மாட்டார். ஆனால் வசனத்தில் மனுஷி பின்னுகிறார்.

எனக்குப் பிடித்தது 1961இல் வந்த 'எ சிவில் கான்ட்ராக்ட்'. போரிலிருந்து திரும்பும் ஆடமுக்கு அப்பா வைத்துவிட்டுப் போனது கடனில் மூழ்கிய பண்ணை. மனசு ஜூலியாவிடம். கட்டிக்கொள்வதோ பணக்கார வியாபாரியின் மகள் ஜென்னியை. தடை கல்யாணத்துக்கு முன்னால் அல்ல, பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறது. நெப்போலியனோடு நடந்த வாட்டர்லூ போர்ச் சமயத்தில் இங்கிலாந்துக்குத் தோல்வி என்று வதந்தி பரவி, மாமனார் இருப்பதையெல்லாம் விற்றுவிடச் சொல்கிறார். தளபதி வெலிங்டனின் கீழ் சண்டை போட்ட ஆடம், அவர் தோற்க மாட்டார் என்று நம்பி, அரசாங்கப் பத்திரங்களை வாங்கித் தள்ளுகிறான். காதல் கதையின் உச்சக்கட்டத்தைப் பங்குச் சந்தையில் கொண்டுபோய் வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! ஹேயரைப் பரிந்துரைக்கும்போது ஓர் எச்சரிக்கையும் சேர்த்தே சொல்கிறேன். 1950இல் வந்த 'தி கிராண்ட் சோஃபி'யில் ஒரு யூத வட்டிக்காரர் வருகிறார். அந்தக் காலத்து வெறுப்பு அப்படியே அப்பிய பாத்திரம். அதைச் சொல்லாமல் கொடுப்பது நியாயமில்லை.

இதேபோல் 'இந்த வகையை ஆரம்பித்து வைத்தது' என்ற பெருமைக்காகக் காத்லீன் வுடிவிஸ் 1972இல் எழுதிய 'தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்' படித்தேன். ஆரம்பத்திலேயே நாயகன் நாயகியைப் பலாத்காரம் செய்கிறான், அப்புறம் அவனையே காதலிக்கச் சொல்கிறது கதை. வரலாற்றுக்காகப் படித்தேன், யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் ஒன்று கற்றுக்கொண்டேன்: இப்போதெல்லாம் ஒருவருக்குப் புத்தகம் சொல்லும் முன் 'என்ன பிடிக்கும்' என்று கேட்பதில்லை, 'கடைசியாக எந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிந்தாய், எந்த இடத்தில்' என்று கேட்கிறேன். பிடித்ததைப் பற்றி எல்லாரும் பொதுவாகச் சொல்வார்கள். எறிந்ததைப் பற்றித் துல்லியமாகச் சொல்வார்கள்.

ட்யூக்கும் மாளிகையுமே இல்லாத ஒன்று வேண்டும் என்று அலுவலகத்தில் ஓர் அக்கா கேட்டார். பெவர்லி ஜென்கின்ஸின் 'இண்டிகோ' கொடுத்தேன், 1996இல் வந்தது. ஹெஸ்டர் சிறுவயதில் அடிமையாக நீலச்சாயம் தோய்த்தவள். விடுதலையாகி மிச்சிகனில் வசிக்கிறாள், கைகளில் ஏறிய நீலம் மட்டும் இறங்கவில்லை. தப்பி வரும் அடிமைகளை ஒளித்துவைத்து அனுப்பும் ரகசியப் பாதையில் அவள் வீடும் ஒரு நிலையம். அப்படித் தப்புவிக்கிற ஒருவன் அடிபட்டு அவள் வீட்டுக்கு வந்து சேர்கிறான். 1850இன் சட்டப்படி, தப்பி வந்தவரை ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. இதில் எந்தத் தடையைப் பேசித் தீர்ப்பது? ஜென்கின்ஸ், தான் படித்த வரலாற்று நூல்களின் பட்டியலைப் பின்னால் போடுகிறவர். அக்கா கதையை முடித்துவிட்டு அந்தப் பட்டியலில் இறங்கிவிட்டார். இதுவரை என் பரிந்துரைகளில் முழு மதிப்பெண் இதற்குத்தான்.

படுதோல்வி அத்தையிடம். தமிழில் மட்டும் படிப்பார், சரித்திர நாவலில் பழம் தின்று கொட்டை போட்டவர். நான் எதைச் சொன்னாலும் 'அது தொடராக வந்தபோதே படிச்சாச்சு' என்றார். கடைசியில் என் தடைப் பத்தியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அகிலனோட 'வேங்கையின் மைந்தன்' படிச்சியா?” என்றார். இல்லை. பாண்டியன் மணிமுடியை மீட்க ஈழத்துக்குப் போகிற இளங்கோ, அங்கே எதிரி மன்னரின் மகள் ரோகிணியிடம் மனசைப் பறிகொடுக்கிறான். என் பத்திக்கென்றே செய்தது போன்ற தடை!

சும்மா இருக்காமல், 'கடல் புறா'வில் இளையபல்லவன் காஞ்சனாதேவி, மஞ்சளழகி இருவரையுமே மணந்துகொள்கிறானே, உங்களுக்கு உறுத்தவில்லையா என்று கேட்டுவைத்தேன். அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உறுத்தாம என்ன? யாரை விடறதுன்னு எழுதினவருக்கே தெரியலை. அதுக்கு உன் நோட்டுல என்ன போடுவே?”

அந்தக் கட்டத்தை இன்னும் காலியாகத்தான் வைத்திருக்கிறேன். 'வேங்கையின் மைந்தன்' எண்பதாம் பக்கத்தில் இருக்கிறது.